பனிக்கு அடியில் போன சக்களத்தி

மதியத் தொழுகை முடிந்திருந்தது. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். எதிரே என் கணவரின் அக்கா. அவரை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். நான் கிள்ளிப் போட்டதையே அவர் மறுபடி எடுத்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். என் கைவேலையில் அவருக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது.

அப்போது ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்து மணி அடித்தது. பள்ளிக்கூட வாசலில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் கையால் ஆட்டுவாரே, அந்த மணி. டிங் டிங் டிங். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் டிங் டிங் டிங்.

“யாரும்மா அது, இத்தன மாடி ஏறி வந்து ஐஸ்கிரீம் விக்கிறது?” என்றார் லாத்தா.

நான் எழுந்திருக்கவில்லை. விரலில் ஒரு நெத்திலித் தலை ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. அந்த மணி இனி அடிக்காது என்று என் கணவரே எனக்குச் சொல்லியிருந்தார். சொன்னவரும் மௌத்தாகிவிட்டார். நான் இத்தா இருந்த காலம் அது. கணவனை இழந்த பெண் எங்கள் வழக்கப்படி சில மாதங்கள் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல் வீட்டோடு இருப்பாள். வெள்ளைச் சேலையோடு, கிளமெண்டி வீட்டுச் சமையலறையே கதி என்று கிடந்தேன்.

ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்தது அவருடைய கைப்பேசி. தினமும் அதற்குச் சார்ஜ் போட்டுவந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். சில வேலைகளை நிறுத்தினால் ஆள் போனது நிச்சயமாகிவிடும்.

குளிர் தாங்காத மனிதர்

இந்தத் தொடரில் இதுவரை மருந்துக்கடைக் கதைகளையே சொல்லி ஓட்டிவிட்டேன். ஃபேரர் பார்க்கில் பாதி ஆயுளை மாத்திரை எண்ணிக் கழித்தவளுக்குக் கதைக்கா பஞ்சம்? ஆனால் வாசகி ஒருவர், “உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?” என்று கேட்டிருந்தார். பயம்தான் காரணம். எழுதினால் அழுதுவிடுவேன், அழுதுகொண்டே எழுதினால் ஆசிரியர் பிழை திருத்தியே ஓய்ந்துபோவார்.

என் கணவர் ஹனீஃபா பல்கலைக்கழகத்தில் ரோபோ செய்கிற ஆராய்ச்சியாளர். இதைச் சொன்னதும் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “வீடு கூட்டுமா?” கூட்டாது. எங்கள் வீட்டை நான்தான் கூட்டினேன்.

அவருடைய ரோபோக்கள் மனிதன் போக முடியாத இடங்களுக்குப் போகும். தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியின் அடிமட்டம், கப்பல்களின் இருட்டுத் தொட்டிகள், எரிமலை வாயில் கொதித்துக்கொண்டிருக்கும் ஏரி. அங்கே போனால் ஆள் காலி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், இவருக்கு முகம் மலர்ந்துவிடும். அந்த எரிமலை ஏரியில் ஒரு ரோபோ பாதி வெந்து திரும்பியது. அதை வீட்டுக்கே கொண்டுவந்து, உருகிப்போன மூக்கை எனக்குக் காட்டி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பரிசைக் காட்டுகிற தகப்பன் மாதிரி நின்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆள் எப்படி என்றால், பால்கனியில் துணி காயப்போடக்கூடக் கம்பியை எட்டிப் பிடிக்கப் பயப்படுவார். ரயிலில் ஏசி தாங்காது என்று பையில் எப்போதும் ஒரு ஸ்வெட்டர். சிங்கப்பூர் வெயிலில் ஸ்வெட்டரோடு அலைகிறவர் கூடவே நானும் நடந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கும்.

ஆனால் அவருடைய ஆசை முழுக்கப் பனியின் மேலேதான். தென்துருவத்தில் கடல் உறைந்து கிடக்கும். அதற்கு அடியில் வெளிச்சமே படாத தண்ணீர். அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த ஆசை எங்கே தொற்றியது என்று லாத்தாவுக்குத் தெரியும். இவர்களுடைய வாப்பா தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருந்தார். கறி வைக்கிற குளிர் அறைக்குள் சின்ன வயதில் இவர் போய் உட்கார்ந்துகொள்வாராம். உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் வெளியே இழுத்துப்போடுவார்கள். “உள்ள அப்படி என்னத்தடா பார்த்தே?” என்று அவருடைய உம்மா முதுகில் ஒன்று வைத்துக் கேட்டாராம். “ஒண்ணுமில்ல உம்மா. யாருமே இல்ல. அதத்தான் பார்த்தேன்” என்றாராம்.

பேசாமல் இருப்பவர்

அவருடைய இன்னொரு குணத்தையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். கணக்குப் போடும்போது அவர் பேசமாட்டார்.

பேசமாட்டார் என்றால் ஏதோ கொஞ்ச நேரம் என்று நினைக்காதீர்கள். கேள்வி கேட்டால் பதில் வராது. பார்வை நம்மேல் இருக்கும், ஆள் அங்கே இருக்கமாட்டார். கல்யாணமான புதிதில், “மச்சான், மீன் வாங்கவா, கோழி வாங்கவா?” என்று கேட்டுவிட்டுக் கூடையோடு நின்றேன். பதிலே இல்லை. கோபம் போலிருக்கிறது என்று அழுதுகொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். வெகுநேரம் கழித்து வந்து, “கோழி” என்றார். இடையில் ஏதோ ஒரு சக்கரத்தின் சுழற்சி பற்றிக் கணக்குப் போட்டிருக்கிறார். என் மீன், கோழி எல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கின்றன.

எங்கள் சண்டைகளில் முக்கால்வாசிக்கு இந்த மௌனம்தான் காரணம். பிறகு பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்கள் அவரிடம் ஏதாவது கேட்டுவிட்டு முகம் வாடி நின்றால், நான் கையை உயர்த்தி, “இருங்க, கணக்குப் போட்டுட்டு இருக்காரு” என்பேன். ஆசாரியும், தபால்காரரும், என் தம்பியின் சம்பந்தி வீட்டாரும்கூட அப்படிக் காத்து நின்றிருக்கிறார்கள்.

சக்களத்தி

பனிக்கு அடியில் போவதற்கென்றே அவர் ஒரு ரோபோ செய்தார். மஞ்சள் நிறம், பெரிய மீன் வடிவம். ஆங்கில எழுத்துகளைக் கோத்து அதற்கு ஒரு பெயர் உண்டு, எனக்கு வாயில் நுழையாது. வருடக்கணக்காக ராத்தூக்கம், வார விடுமுறை, பெருநாள் மாலை எல்லாவற்றையும் அதுவே எடுத்துக்கொண்டதால் நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தேன். அவருடைய ஆய்வுக்கூடத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சீனப் பையன்கள்கூட “சக்லாட்டி” என்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வலதுகை காயத்ரி. யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பம். நான்கு தலைமுறையாக இங்கேயே இருந்தும், “ஆமாம்” சொல்ல வேண்டிய இடத்தில் அவளுக்கு “ஓம்” வந்துவிடும். மாணவியாக வந்து, பிறகு சக ஆராய்ச்சியாளராகவே தங்கிவிட்டவள். என் கணவரை ப்ரொஃப் என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு மீன் தலைக் கறியை ஒரு கை பார்ப்பாள்.

சக்களத்தியின் வயிற்றில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். தண்ணீருக்குள் மூழ்க அந்தப் பாரம் வேண்டும். அந்தக் குண்டைத் தாங்குவது ஒரு சின்ன உலோகக் கொக்கி, கடல் தண்ணீரில் மெல்லக் கரைகிற கொக்கி. மற்ற எல்லாக் கருவியும் செத்துப்போனாலும் ஒருநாள் போல ஆனதும் கொக்கி தானே அறுந்து, குண்டு விழுந்து, ரோபோ மேலே மிதந்து வந்துவிடும். தலை காய்ந்ததும் தான் இருக்கும் இடத்தைத் துணைக்கோள் வழியாக இவருடைய கைப்பேசிக்கு அனுப்பும். அனுப்ப மட்டும்தான் அதற்குத் தெரியும், நாம் பேசினால் கேட்காது. நான் பேசினால் கேட்காததற்கு வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார்.

அந்தச் செய்தி வரும்போது அடிக்கத்தான் அந்த ஐஸ்கிரீம் மணி. “பனிக்குப் போறவளுக்கு வேற என்ன மணி வைக்கிறது?” என்று தெருவில் வண்டிக்காரரிடம் கெஞ்சிப் பதிவு செய்துகொண்டு வந்தார்.

கொக்கி மாட்டாமல் ரோபோவைத் தண்ணீரில் இறக்கவே கூடாது என்பது அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேதவாக்கு. படகில் எல்லா வேலையும் முடிந்தபின் கடைசி ஆள் குனிந்து கொக்கியை மாட்டி, ரோபோவின் முதுகில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். “கொக்கி மாட்டியாச்சா?” “மாட்டியாச்சு.” அப்புறம்தான் இறக்கம். வீட்டிலும் அதே பாட்டுதான். நான் கடைக்குக் கிளம்பும்போது, சாவி எடுத்தாயா, குடை எடுத்தாயா என்று கேட்கமாட்டார். “கொக்கி மாட்டியாச்சா?” என்பார்.

வரவேற்பறையில் தென்துருவம்

ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலில் சக்களத்திக்கு இடம் கிடைத்தது. கூட ஒரே ஓர் ஆள் போகலாம். இவர் தடிமனான சிவப்புக் கோட்டு ஒன்று வாங்கிவந்தார். அதைப் போட்டால் பெரிய தலையணை நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

போவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள். அவ்வளவு தூரத்தில், ஆஸ்பத்திரி இல்லாத கடலில், இப்படிப்பட்டவரை ஏற்றமாட்டோம் என்று கப்பல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். மருந்துக்கடைக்காரி எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது வீடு கிடுகிடுவென்று குளிர்ந்து கிடந்தது. ஏசியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு, சிவப்புக் கோட்டைக் கழுத்துவரை இழுத்து மூடி, சோபாவில் உட்கார்ந்திருந்தார். தலைமுடி நரைத்த மனிதர். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். நானும் ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“என்ன மச்சான் தெரியுது?”

“ஒண்ணும் தெரியல ஜரீனா,” என்றார். “டிவிதான் தெரியுது.”

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அவர் அழுதார். கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

காயத்ரி போனாள். கோட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டார். முட்டிக்குக் கீழே தொங்கியது. “ப்ரொஃப், இதுக்குள்ள நான் வீடே வாடகைக்கு விடலாம்லா,” என்றாள். விமான நிலையத்தில் இவர் அவளிடம் சொன்ன கடைசி வார்த்தை என்ன தெரியுமா? “அவள மேல கொண்டு வந்துடு.”

எங்கள் கடலுக்கு மூடி இல்லை

பனியில் ஒரு துளை போட்டு அதன் வழியே சக்களத்தியை இறக்கினார்கள். சில மணி நேரம் சுற்றிவிட்டு அதே துளைக்குத் திரும்ப வேண்டும். அது போன இடத்தில் நீரோட்டம் பலமாக இருந்திருக்கிறது. திரும்பி வர முட்டி மோதிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் அது எழுப்புகிற ஒலியைக் கப்பலில் கேட்டுத் தூரத்தைக் கண்டுபிடிப்பார்கள். இரவு முழுக்கக் கேட்டு, மறுநாள் பகலில் காயத்ரி துணைக்கோள் தொலைபேசியில் இவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“வந்துட்டு இருக்கு ப்ரொஃப். ஸ்லோ. பட் வந்துட்டே இருக்கு.”

நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். இவர் கண்ணை மூடி, துஆ ஓதுகிற மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

“ப்ரொஃப்… நின்னுடுச்சு. தூரம் குறையல. அப்படியே ஒரே எடத்துல நிக்குது.”

இவர் கண்ணைத் திறந்தார். “காயத்ரி, கொக்கி மாட்டினியா?”

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, “ஓம் ப்ரொஃப். மாட்டினேன்.”

எனக்கே அந்த நொடியில் புரிந்துவிட்டது. நேரம் ஆகிவிட்டதால் கொக்கி கரைந்துவிட்டது. குண்டு விழுந்துவிட்டது. ரோபோ மேலே வந்துவிட்டது. ஆனால் மேலே வானம் இல்லை, கூரை போலப் பனி. அதன் அடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

இதைவிட முட்டாள்தனம் உண்டா என்று நீங்கள் நினைக்கலாம். பனி தெரிந்த நாட்டுக்காரர்கள் யாரும் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள். பனிக்கேற்ற மூளை, பனிக்கேற்ற காது, பனிக்கேற்ற மின்கலம் எல்லாம் யோசித்து யோசித்து வைத்தவர்கள்தான் இவருடைய ஆய்வுக்கூடத்தார். ஆனால் கொக்கி யோசித்துச் செய்கிற வேலை அல்ல. அது கைப்பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருகிற மாதிரி. ஆயிரம் தடவை நம்முடைய வெதுவெதுப்பான கடலில் இறக்கியிருக்கிறார்கள், ஆயிரம் தடவையும் மேலே வந்தால் வானம்தான். எங்கள் கடலுக்கு மூடி கிடையாது. மூடியுள்ள கடலுக்குப் போகும்போது கொக்கியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இவருக்கும் தோன்றவில்லை.

காயத்ரி பதிலுக்காகக் காத்திருந்தாள். இவர் பேசவில்லை.

எனக்குத் தெரியும் அவர் எங்கே போய்விட்டார் என்று. பனியின் கனம் எவ்வளவு, மின்கலம் எத்தனை நாள், கப்பல் அங்கே உடைத்துக்கொண்டு போக முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு அவர் முகம் தெரிந்தது. உலகத்தின் மறுகோடியில், பனிமேல் நின்ற அவளுக்கு வெறும் மௌனம்தான் தெரிந்தது. “ப்ரொஃப்?” என்றாள். “ப்ரொஃப், சாரி.” அதற்கும் பதில் இல்லை. நான் தொலைபேசியைப் பிடுங்கப் போவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

“லைன் போச்சா?” என்று வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். “எப்ப போச்சு?”

வானிலை கெட்டு, கப்பல் அங்கிருந்து விலகிவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது காயத்ரி தொலைபேசிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள்.

வாசலில் செருப்பு

ஊருக்குத் திரும்பியதும் அவள் வேலையை விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் எங்கள் வீட்டு இரும்புக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே சிவப்புக் கோட்டு, சலவை செய்து மடித்தது. மணி அடிக்காமலே போயிருக்கிறாள்.

இவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. “மெசேஜ் போடுங்களேன்” என்றேன். “மெசேஜ்ல சொன்னா ஆறுதலுக்குச் சொல்ற மாதிரி இருக்கும். மாட்டச் சொல்லிக் குடுத்தவன் நான், வேணாம்னு சொல்ல மறந்தவனும் நான். இத மூஞ்சிய பார்த்துச் சொல்லணும் ஜரீனா” என்றார்.

சுவா சூ காங்கில் அவள் வீடு. முர்தபாக் ரொட்டிப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அப்படியே பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

“வீட்ல இல்ல போல.”

“வாசல்ல செருப்பு?”

பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “இருந்துச்சு,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் சக்களத்தியைப் பற்றிப் பேசியதைவிடக் காயத்ரியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். ரோபோ போனால் இன்னொன்று செய்யலாம், இந்தப் பிள்ளை பனியையே வெறுத்துவிடுவாளே என்று புலம்புவார். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கக் கீழே போனவர், கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்கு எடுத்த அன்று கீழே லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெண் நின்று அழுததாக லாத்தா பிறகு சொன்னார். “மேல வாம்மான்னு கூப்பிட்டேன். தலைய ஆட்டிட்டு அங்கனயே நின்னுச்சு. யாரது?”

யாரென்று எனக்குத் தெரியும்.

மணி அடித்த மதியம்

கையைக் கழுவிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். திரையில் இரண்டு வரிசை எண்கள். நம் கடலில் சோதனை செய்த நாள்களில் பார்த்துப் பழகிய எண்கள்தான். இடம், மின்கலத்தின் மிச்சம். சக்களத்தி வானத்தைப் பார்த்துவிட்டாள்.

திரையைப் படம் எடுத்துக் காயத்ரிக்கு அனுப்பினேன். அவருடைய கைப்பேசியிலிருந்தே. அவசரத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அவளுக்கு அது யார் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று.

ரயில் பிடித்து, நிலையத்திலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். கதவைத் திறந்தபோது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்தாள்.

“ப்ரொஃப் பேர்ல மெசேஜ் வந்துச்சு அக்கா,” என்றாள். “அவரு கூப்பிட்டப்ப எல்லாம் நான் எடுக்கல. எடுத்தா என்ன சொல்வாரோன்னு பயம். இன்னைக்கு அந்தப் பேரப் பார்த்ததும்… நான் யோசிக்கவே இல்ல அக்கா, ஓபன் பண்ணிட்டேன்.”

அவளை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். லாத்தா தண்ணீர் கொடுத்தார். அவர் சொல்லக் காத்திருந்த வார்த்தையை, அவர் சொன்ன மாதிரியே, அவள் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன்.

“அப்ப ஏன் அக்கா அன்னைக்கு அவரு பேசல?” என்றாள். “நான் சாரி சொன்னேன். ஒரு வார்த்த பேசலையே. அவ்ளோ கோவம்னுதானே நான்…”

“கோவமா? அந்த மனுசனுக்கா?” என்றேன். “பனி எவ்ளோ கனம், பேட்டரி எவ்ளோ தாங்கும்னு கணக்குப் போட்டுட்டு இருந்தாரும்மா. லைன் கட்டானதே அவருக்குத் தெரியாது. நீ எத்தன வருசம் அவர்கூட இருந்தே? அவரு கணக்குப் போட்டா வீடு பத்தி எரிஞ்சாலும் திரும்ப மாட்டாருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்,” என்றாள். “அன்னைக்கு மட்டும் மறந்துட்டேன்.”

அதைச் சொல்லிவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். நெத்திலி விரித்திருந்த காகிதத்திலேயே முகத்தை வைத்துவிட்டாள். லாத்தா, “புள்ள, மீனு, மீனு” என்று இழுத்துக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். இத்தா வீட்டில் அழுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வடக்கே போகிறவள்

பிறகு கைப்பேசியில் வரைபடத்தை விரித்து எனக்கு விளக்கினாள். ஒட்டிக்கொண்டிருந்த பனித்தட்டு மெல்ல வடக்கே நகர்ந்திருக்கிறது. கோடை வந்து, கரைந்து உடைந்து, சக்களத்தியை வெளியே விட்டிருக்கிறது. கொக்கி இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே துளைக்கு வந்து சேர்ந்திருக்கலாம். இல்லை, நீரோட்டத்தில் களைத்து அடியில் விழுந்து, யாருக்கும் தெரியாமல் அங்கேயே கிடந்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றாள்.

“மேல வந்துட்டா இல்ல?” என்றார் லாத்தா. “அப்புறம் என்ன?”

எடுத்துவரத்தான் கப்பல் இல்லை. காயத்ரி தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினாள். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை என்று மரியாதையாகப் பதில்கள் வந்தன. பனிக்கு அடியில் அது பார்த்ததெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அவர் ஆயுள் முழுக்கப் பார்க்க ஆசைப்பட்டதைச் சுமந்துகொண்டு மிதக்கிறது. எடுக்க ஆளில்லை.

தினமும் மதியம் மணி அடித்தது. காயத்ரி வேலை இடத்திலிருந்து கூப்பிட்டு, “இன்னைக்கு அவ எங்க இருக்கா, அக்கா?” என்பாள். நான் எண்களைப் படிப்பேன். லாத்தாகூட மதியத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு, “உன் சக்களத்தி இன்னும் கூப்பிடலியே” என்று ஃப்ரிட்ஜைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

மின்கலம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மதியம் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் லாத்தா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஒரு ஃபாத்திஹா ஓதிடவா?” என்றார்.

“எந்திரத்துக்கா லாத்தா?”

“என் தம்பிக்கு,” என்றார்.

சுவா சூ காங்கில் ஒரு கேள்வி

இத்தா முடிந்து நான் முதலில் போன இடம் சுவா சூ காங் மையவாடி. அவரை அங்கேதான் அடக்கியிருக்கிறது. காயத்ரி வந்து அழைத்துப்போனாள். மண் இன்னும் புதிதாகவே இருந்தது. மேலே போர் விமானங்கள் பயிற்சிக்குப் பறந்து காதைப் பிளந்தன. அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, கணக்கைக் கலைக்கும்.

நான் பூவைத் தூவி ஓதி முடிக்கும்வரை அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள். பிறகு வந்து, பழைய ஆய்வுக்கூடத்தில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். சின்னதாக இன்னொரு ரோபோ. அடுத்த பருவத்தில் பனிக்கு அடியில். போவதாக ஒப்புக்கொண்டுவிட்டாளாம்.

“கோட்டு என்கிட்டதான் இருக்கு, வந்து எடுத்துக்க,” என்றேன்.

“ஓம் அக்கா,” என்றாள். “அக்கா, கொக்கி மாட்டணுமா, வேணாமா? எல்லாரும் வேணாம்னு சொல்றாங்க. மாட்டலன்னா, அடியில போய்ட்டா, அவ்ளோதான், மேல வரவே வராது. மாட்டினா மறுபடியும்… ப்ரொஃப் என்ன சொல்லியிருப்பாரு?”

அவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர் பதிலைச் சொல்லக்கூடியவள் நான். மீனா கோழியா என்பது முதல், எந்தச் சட்டை, எந்த டாக்டர் என்பதுவரை எனக்குத் தெரியும். இதற்கு மட்டும் தெரியவில்லை. எத்தனை யோசித்தும் அவர் குரல் எனக்குள் கேட்கவில்லை. ஆள் போய்விட்டார் என்று எனக்கு அந்த இடத்தில்தான் நன்றாகப் புரிந்தது.

“எனக்குத் தெரியலம்மா,” என்றேன்.

அவள் கபுரின் பக்கம் திரும்பினாள். ஆய்வுக்கூடத்தில் அவர் மேசைக்கு முன்னால் நிற்கிற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ப்ரொஃப்,” என்றாள். “கொக்கி மாட்டவா, வேணாமா?”

விமானங்கள் போய்விட்டிருந்தன. எங்கேயோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டு, அதுவும் நின்றது. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

காயத்ரி கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

“இருங்க அக்கா,” என்றாள். “கணக்குப் போட்டுட்டு இருக்காரு.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம்.